பெண்கள் ஆட்டத்துக்கு ஆண் தலைமை ஏன்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் வாலிபால் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்தவுடன், "பகுத்தறிவுக் கூட்டத்தில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் சிரித்ததாகத் தலைவர் சொன்னார். சிரிக்கட்டும். எந்த இடத்தில் சம்பளமும் கௌரவமும் இருக்கின்றனவோ அந்த இடத்தில் பெண்ணுக்கு நாற்காலி உண்டா இல்லையா என்பதுதான் நான் பேச வந்த விஷயம். அது கோயிலானால் என்ன, கச்சேரியானால் என்ன, பந்து மைதானமானால் என்ன? பந்து மைதானத்தில் இருக்கிற சௌகரியம் ஒன்றே ஒன்று. அங்கே ஜெயம் தோல்வி எல்லாம் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். சாஸ்திரம் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

வாலிபாலை உங்களில் அநேகர் ஆடியிருப்பீர்கள். ஊர்ப் பொட்டலில் இரண்டு கம்பு நட்டு, நடுவில் வலை கட்டினால் ஆட்டம் தயார். இதை 1895-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹோலியோக் என்னும் ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் ஏற்படுத்தினார். எதற்காக என்றால், கூடைப்பந்தில் முட்டி மோதி ஓடமுடியாத நடுத்தர வயது வியாபாரிகள் கொஞ்சம் உடம்பை அசைப்பதற்காக! அதாவது தொப்பை விழுந்த ஆண்களுக்கென்று உண்டான ஆட்டம். ஆனால் இன்று அதே அமெரிக்காவில் கலாசாலை வாலிபால் என்றால் முக்கியமாகப் பெண்கள் ஆட்டம்தான். முதல் வகுப்புப் போட்டியில் சேர்ந்த கலாசாலைகளில் 330-க்கு மேற்பட்டவற்றில் பெண்கள் அணி இருக்கிறது. ஆண்கள் அணி இருப்பதோ சற்றேறக்குறைய முப்பது இடங்களில்தான். இந்த இரண்டு எண்களையும் மறந்துவிடாதீர்கள். பிறகு இவை நமக்கு வேண்டியிருக்கும்.

இனி ஒரு பெண்ணின் சங்கதியைச் சொல்லுகிறேன். கேட்டி ஷூமேக்கர் என்பவர் சிகாகோ நகரத்துப் பெண். 1998-ல் பென்சில்வேனியா மாகாணத்தின் பெரிய சர்வகலாசாலையாகிய பென் ஸ்டேட்டில் சேர்ந்து வாலிபால் ஆடினார். அந்த வருஷம் அவர்களுடைய அணி இறுதிப் பந்தயம் வரைக்கும் போய்த் தோற்றது. மறுவருஷம் 1999-ல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையை ஜெயித்து தேசத்திலேயே முதலாவதாக வந்தது. பென் ஸ்டேட்டுக்கு அது முதல் வெற்றி. அப்பொழுது அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ரஸ் ரோஸ் என்னும் ஆண். அவர் 1979 முதல் 2021 வரையில் அந்த ஒரே நாற்காலியில் இருந்து ஏழு தடவை தேச வெற்றி வாங்கிக் கொடுத்தவர். அவருடைய திறமையில் எவருக்கும் சந்தேகம் வேண்டாம், எனக்கும் இல்லை.

கேட்டி அம்மையார் படிப்பு முடிந்த பிறகு பயிற்சி வேலையிலேயே இறங்கினார். சிகாகோவில் இருக்கும் இலினாய் சர்வகலாசாலையில் 2009 முதல் 2016 வரை பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். பிறகு பிலடெல்பியாவில் உள்ள பென் சர்வகலாசாலையில் ஒரு வருஷம். இது வேறு, பென் ஸ்டேட் வேறு. 2018-ல் தாம் ஆடிய பழைய அணிக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பிவந்தார். அங்கே ஏற்கெனவே தலைமை வகித்தவர் இங்கே வந்து உதவியாளராக உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள். ரோஸ் ஓய்வு பெற்றதும், 2022 ஜனவரியில் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. கலியாணம் செய்துகொண்டு கேட்டி ஷூமேக்கர்-காவ்லி என்று பெயர் வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் பெற்றவர். எந்த மைதானத்தில் பந்தடித்தாரோ அந்த மைதானத்துக்கே எஜமானியாக வந்தார்.

"இதில் என்ன ஆச்சரியம்? ஆடத் தெரிந்தவர் ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்தார், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். ஆச்சரியம் இல்லாமல்தான் இருக்கவேண்டும். ஆனால் அங்கே நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? என்.சி.ஏ.ஏ. என்கிற கலாசாலை விளையாட்டு மகாசங்கம் பெண்களுக்கு வாலிபால் போட்டி வைக்க ஆரம்பித்தது 1981-ல். அன்று தொடங்கி 2023 முடிய ஒவ்வொரு வருஷமும் ஒரு அணி ஜெயித்தது. ஜெயித்தவர்கள் எல்லாம் பெண்கள்தான். ஏனென்றால் ஆடினவர்கள் பெண்கள். ஆனால் ஜெயித்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஒரு தடவையாவது பெண்ணாக இருந்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை, தோழர்களே!

இதற்கு என்ன காரணம்? பெண்களுக்கு மூளை இல்லையா? ஆட்டம் தெரியாதா? அதட்டத் தெரியாதா? பெண்ணுக்கு அதட்டத் தெரியாது என்று கலியாணமான எந்த ஆணும் சொல்லமாட்டான்!

காரணத்தைத் தேட வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1972-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு ஒன்பதாம் பிரிவுச் சட்டம் என்று பெயர். அதன் சாரம் மிகச் சின்னது: சர்க்கார் பணம் வாங்குகிற எந்தக் கல்வி ஸ்தாபனமும் ஆண் பெண் என்று பார்த்து ஒருவரைத் தள்ளிவைக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் விளையாட்டு என்கிற வார்த்தையே கிடையாது. ஆனால் விளையாட்டும் கல்வி ஸ்தாபனத்தில்தானே நடக்கிறது? அதனால் பெண்கள் அணிக்கும் மைதானம், பணம், உபகாரச் சம்பளம் எல்லாம் கொடுக்க வேண்டியதாயிற்று. பலன் என்ன தெரியுமா? 1971-72-ல் அத்தேசத்து ஹைஸ்கூல்களில் விளையாட்டில் சேர்ந்திருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. பிற்காலத்தில் அது முப்பது லட்சத்தைத் தாண்டியது. பெண்ணுக்கு விளையாட்டில் இயற்கையாகவே ஆசை கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அந்த இயற்கை ஒரு சட்டத்தில் எப்படி மாறிப்போயிற்று என்று இன்றளவும் சொல்லவில்லை.

அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் கலாசாலைப் பெண்கள் அணிகளுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களேதான். அகோஸ்டா, கார்ப்பென்டர் என்கிற இரண்டு பேராசிரிய அம்மையார்கள் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கணக்கை விடாமல் எடுத்து வந்தார்கள். அப்பொழுது அந்த வேலைக்குச் சம்பளம் அற்பம். சில இடங்களில் ஒன்றுமே கிடையாது. தேகப்பயிற்சி உபாத்தியாயினி பள்ளிக்கூடம் விட்ட பிறகு தம் சொந்த நேரத்தில் செய்வார். சட்டம் வந்தது; பணம் வந்தது; சம்பளம் வந்தது; சம்பளத்தோடு ஆண்களும் வந்தார்கள். 2014-ல் அந்த அம்மையார்கள் எண்ணியபோது பெண்கள் அணிகளுக்குப் பெண் பயிற்சியாளர் நூற்றுக்குச் சுமார் 43 பேர்தான். தொண்ணூறு எங்கே, நாற்பத்து மூன்று எங்கே!

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. வீட்டில் மூன்று வேளையும் சமைப்பவள் பெண். கலியாணத்துக்குக் கூலி பேசிச் சமைக்க வருபவன் யார்? ஆண். அடுப்பு அதே அடுப்பு, குழம்பு அதே குழம்பு. கூலி என்று ஒன்று வந்தவுடன் கரண்டி கைமாறிவிடுகிறது.

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பெண்களுக்கென்று பெண்களே நடத்திய கலாசாலை விளையாட்டுச் சங்கம் ஒன்று 1971-ல் ஏற்பட்டது. போட்டிகளை எல்லாம் அதுதான் நடத்தி வந்தது. அப்பொழுது என்.சி.ஏ.ஏ. மகாசங்கம் என்ன செய்தது? ஒன்பதாம் பிரிவுச் சட்டம் விளையாட்டுக்குப் பொருந்தக் கூடாது என்று 1976-ல் கோர்ட்டுக்கே போயிற்று. கோர்ட்டில் பலிக்கவில்லை. இனி பெண்கள் ஆட்டத்தை அழிக்க முடியாது என்று தெரிந்ததும், 1981-ல் தானே பெண்கள் போட்டிகளை நடத்த ஆரம்பித்துவிட்டது! பெரிய சங்கம், பெரிய பணம். கலாசாலைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. இரண்டொரு வருஷத்துக்குள் பெண்களுடைய சங்கம் மூடப்பட்டது. எதிர்த்து நின்றவனே பிறகு தர்மகர்த்தா ஆகிற வழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல என்று தெரிகிறது.

இதற்கு அங்கே சொல்லப்படும் சமாதானங்களையும் பார்ப்போம்.

முதல் சமாதானம்: "நாங்கள் யோக்கியதையைத்தான் பார்க்கிறோம், ஆண் பெண் என்று பார்ப்பதில்லை." சரி. அப்படியானால் ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்கள் எத்தனை பேர்? அதே அம்மையார்களுடைய கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு, மூன்று, நாலுகூட இல்லை. யோக்கியதைக்குக் கண் இல்லை என்றால், அது பெண்கள் மைதானத்துக்கு வரும்போது பாதிக்குமேல் ஆணாகவும், ஆண்கள் மைதானத்துக்குப் போகும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் ஆணாகவும் எப்படி ஆகிறது? கண்ணில்லாத யோக்கியதை வழி தவறாமல் ஆண் வீட்டுக்கே போய்ச் சேருகிறதே! வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவு. வேறு வித்தியாசம் ஏதாவது இருந்தால் யாராவது சொல்லட்டும்.

இரண்டாவது சமாதானம்: "ஆட்டத்தில் அனுபவம் உள்ளவர்கள் ஆண்கள்." இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன எண்கள் வேண்டும். பெண்கள் அணி 330-க்கு மேல். ஆண்கள் அணி முப்பது சுமார். ஒவ்வொரு வருஷமும் கலாசாலையில் முதல்தரமாக ஆடிவிட்டு வெளியே வருகிறவர்களில் பத்துப் பங்கு பெண்கள், ஒரு பங்கு ஆண்கள். அனுபவம்தான் யோக்கியதை என்றால் பத்துக்கு ஒன்பது பயிற்சியாளர்களாவது பெண்களாக அல்லவோ இருந்திருக்க வேண்டும்?

மூன்றாவது சமாதானம்: "பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், குடும்பம் இருக்கிறது, இந்த வேலையில் ஊர் ஊராய் அலைய வேண்டும்." வேலை கஷ்டம் என்பது வாஸ்தவம். பதினைந்து பதினாறு வயசுப் பெண்கள் எங்கே நன்றாய் ஆடுகிறார்கள் என்று தேசம் பூராவும் தேடிப் போகவேண்டும். அவர்கள் பெற்றோரிடம் பேசவேண்டும். எதிர் அணி ஆடின படங்களை இரவெல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் ஆண் பயிற்சியாளர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா? அவர்கள் அலையும்போது அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார்? அவர்களுடைய யோக்கியதையில் பாதி, வீட்டில் சம்பளமில்லாமல் இருக்கிற ஒரு பெண்ணுடைய யோக்கியதை அல்லவா?

சமாதானங்கள் இவ்வளவுதான். இவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது ஒன்று: நியமனம் செய்கிற கை. சர்வகலாசாலை விளையாட்டு இலாகாவின் தலைவர் யாரை அறிவாரோ, யாரோடு பழகினாரோ, அவரைத்தான் கூப்பிடுகிறார். உதவியாளர் நாற்காலியில் யாரை உட்கார வைக்கிறார்களோ அவருக்குத்தான் பிறகு தலைமை நாற்காலி கண்ணுக்குத் தெரியும். கேட்டி அம்மையாருக்கு வழி கிடைத்ததே அப்படித்தான். ரோஸ் தம்முடைய பழைய மாணவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நாலு வருஷம் எல்லோருடைய கண்ணிலும் பட்டார். இடம் காலியானபோது "பெண் யாரும் கிடைக்கவில்லை" என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று.

அதற்கு முன்னால் பெண் பயிற்சியாளர்கள் இறுதிப் பந்தயம் வரைக்கும் வரவே இல்லையா என்றால், வந்தார்கள். ஃபுளோரிடா சர்வகலாசாலையின் மேரி வைஸ் அம்மையார் 2003-லும் 2017-லும் வந்து இரண்டு தடவையும் தோற்றார். லூயிவில் சர்வகலாசாலையின் டானி பஸ்பூம் கெல்லி அம்மையார் 2022-ல் வந்து தோற்றார். தோற்ற ஒவ்வொரு தடவையும், "பார்த்தீர்களா, கடைசிப் படியில் பெண்ணால் முடியாது" என்று பேசச் சிலருக்கு வசதி கிடைத்திருக்கும். ஆண் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் கடைசிப் படியில் விழுந்தார்கள். அதை வைத்து ஆண்ஜாதிக்கு முடியாது என்று யாரும் சொல்லவில்லை.

2024-ம் வருஷத்துக்கு வருவோம். போட்டிக் காலம் தொடங்கிய சமயத்தில், செப்டம்பரில், கேட்டி அம்மையாருக்கு மார்பில் புற்றுநோய், இரண்டாம் நிலை என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அவர் அதை மூடிவைக்கவில்லை. அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். மருந்து ஏற்றும் சிகிச்சையை ஒரு பக்கம் நடத்திக்கொண்டு இன்னொரு பக்கம் அணியை நடத்தினார். தலைமயிர் கொட்டிப்போயிற்று. அந்தத் தலையோடேயே ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் வலையோரத்தில் நின்றார். மயிரில்லாத தலையோடு ஒரு பெண் எதிரே வந்தால் சகுனம் கெட்டது என்று வீட்டுக்குத் திரும்பிப்போகிற ஜனங்கள் நம் ஊரில் இருந்தார்கள் அல்லவா? அந்த அணி அந்த வருஷம் 35 பந்தயங்களில் ஜெயித்து இரண்டில்தான் தோற்றது. சகுனம் போகட்டும், கணக்கைப் பாருங்கள்.

டிசம்பரில் கடைசி நாலு அணிகள் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரத்தில் கூடின. அரையிறுதியில் பென் ஸ்டேட்டுக்கு எதிரி நெப்ராஸ்கா. ஆட்டம் ஐந்து செட். மூன்று எடுத்தவர் ஜெயித்தவர். முதல் இரண்டு செட்டும் நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டன. மூன்றாவதை எப்படியோ எடுத்தார்கள். நாலாவதில் நெப்ராஸ்கா ஜெயத்துக்கு ஒரே புள்ளி அருகில் வந்து நின்றது. அங்கிருந்து மீண்டு நாலாவதையும், பிறகு ஐந்தாவதையும் எடுத்தார்கள்! வாலிபால் ஆடினவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பயிற்சியாளர் செய்யக் கூடியது என்ன? நிறுத்தம் கேட்கலாம், ஆளை மாற்றலாம், லிஃப்ட் போடுகிறவரிடம் யாருக்குப் பந்தைக் கொடுப்பது என்று சொல்லலாம். மற்றபடி முகத்தில் பயம் தெரியாமல் நிற்கலாம். ஆடுகிற பெண்கள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

இறுதிப் பந்தயம் டிசம்பர் 22. இந்தப் பக்கம் கேட்டி அம்மையார். அந்தப் பக்கம் லூயிவில் அணியோடு டானி அம்மையார். அதாவது இரண்டு பக்கத்திலும் தலைமைப் பயிற்சியாளர் பெண். எது ஜெயித்தாலும் அத்தனை வருஷத்துப் பழக்கம் அன்றோடு உடையப்போகிறது என்பது பந்து மேலே போவதற்கு முன்பே நிச்சயமாகிவிட்டது. இருபத்தோராயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மண்டபத்தில் கூடினார்கள். முதல் செட் பென் ஸ்டேட்டுக்கு, 25-23. இரண்டாவது இழுத்து இழுத்து 34-32-ல் லூயிவிலுக்கு. மூன்றாவதும் நாலாவதும் பென் ஸ்டேட்டுக்கு. லூயிவிலின் முக்கியமான ஆட்டக்காரி அரையிறுதியில் காயப்பட்டு அன்று ஆடமுடியாமல் போயிற்று என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஜெயம் ஜெயம்தான். முதல் வகுப்புப் பெண்கள் வாலிபாலில் தேச வெற்றி வாங்கிக்கொடுத்த முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் என்று கேட்டி அம்மையாருக்குப் பெயர் வந்தது. 1999-ல் ஆடி ஜெயித்ததும் அதே பென் ஸ்டேட். 2024-ல் ஆட்டுவித்து ஜெயித்ததும் அதே பென் ஸ்டேட்.

தோற்ற டானி அம்மையாரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அவர் நெப்ராஸ்கா மாகாணத்தில் கார்ட்லண்ட் என்னும் சின்ன ஊர்ப் பெண். நெப்ராஸ்கா சர்வகலாசாலை அணியில் லிஃப்ட் போடுகிறவராக ஆடி வந்தார். கடைசி வருஷத்தில் அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு, வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையிலேயே நின்று பந்தெடுக்கிற 'லிபரோ' இடத்துக்குப் போனார். வலையோரத்தில் ஏறி அடித்துக் கைத்தட்டல் வாங்குகிற இடமல்ல அது. தரையில் விழுந்து புரண்டு, மற்றவர் அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிற இடம். அந்த வருஷம், 2006-ல், நெப்ராஸ்கா தேச வெற்றி பெற்றது. பிறகு அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளராக வந்து 2015-ல் மறுபடியும் ஜெயத்தில் பங்கெடுத்தார். லூயிவிலுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனது 2017-ல்.

நெப்ராஸ்கா என்றால் சாதாரண இடம் என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டு 30-ந் தேதி அங்கே கால்பந்து மைதானத்தின் நடுவில் வலை கட்டிப் பெண்கள் வாலிபால் வைத்தார்கள். பார்க்க வந்த ஜனங்கள் 92,003 பேர். பெண்கள் ஆட்டத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் அன்று எங்கே இருந்தார்களோ தெரியவில்லை. அவ்வளவு பணமும் கௌரவமும் உள்ள நாற்காலி அது. இருபத்தைந்து வருஷம் அதில் இருந்து நாலு தேச வெற்றி வாங்கிய ஜான் குக் என்பவர் 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். லூயிவிலில் தோற்று ஒரு மாதம் சுமாரே ஆகியிருந்த டானி அம்மையாரைத்தான் அந்த இடத்துக்குக் கூப்பிட்டார்கள். அவரும் தாம் விழுந்து புரண்ட அதே மைதானத்துக்குத் திரும்பிப் போனார்.

அந்த இரண்டு இடங்களிலும், அதாவது பென் ஸ்டேட்டிலும் நெப்ராஸ்காவிலும், பெயர் பெற்ற ஆண்கள் நீண்டகாலம் உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு அங்கே ஆடிய பெண்களே வந்துவிட்டார்கள். இதற்காக அந்த ஆண்களை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களே அவர்கள்தான். கற்றுக்கொடுத்தது ஒன்று, நாற்காலி கொடுப்பது வேறொன்று. முதலாவதை அநேக ஆண்கள் தாராளமாகச் செய்கிறார்கள். ஆண்கள் அணி பக்கத்தில் நூற்றுக்கு மூன்று என்கிற கணக்கை மாற்றுவதற்கு இன்னும் எவரும் இப்படி வரிசையில் நிற்கக் காணோம். அதைப் பற்றி அங்கே பேச ஆரம்பித்தால், நாம் பார்த்த மூன்று சமாதானங்களும் மறுபடியும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும்.

எனக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் துண்டுக் கடுதாசியில் எழுதிக் கொடுக்கலாம். தாய்மார்கள் எழுதிக் கொடுத்தால் அவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுகிறேன்.